டிரைவர் சம்பளத்தில் பிடித்தால் விபத்து குறையுமா?

கேள்வி, ஜனவரி 9

எங்கள் கம்பெனியில் 40 வண்டிகள். போன மாதம் மட்டும் ஆறு இடி. டென்ட், பம்பர், கண்ணாடி என்று பில் வந்துகொண்டே இருக்கிறது. பத்தில் ஒன்பது டிரைவர் தப்புதான். ரிப்பேர் செலவில் பாதியைச் சம்பளத்தில் பிடித்தால் கவனம் தானாக வரும் என்று நான் சொல்கிறேன். மேலிடமும் சரி என்கிறது. செய்துபார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஜனவரி 9, இரவு

நான் செய்துபார்த்திருக்கிறேன். வேண்டாம்.

பதினொரு வருடம் கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொண்டேன். நடுவில் இரண்டு வருடம் நீங்கள் சொல்லும் இதே விதி எங்களிடம் இருந்தது. விதி வந்ததும் விபத்துப் பதிவேடு சுத்தமாகிவிட்டது. மூன்று மாதம் ஒரு வரிகூட ஏறவில்லை. மேலிடத்தில் பாராட்டினார்கள். ஆனால் ஒர்க்‌ஷாப் பில் மட்டும் இறங்கவே இல்லை. டயர், சஸ்பென்ஷன், ஹெட்லைட் என்று வேறு வேறு தலைப்பில் அதே பணம் போய்க்கொண்டிருந்தது. வண்டிகள் முன்பு போலவே இடித்துக்கொண்டுதான் இருந்தன, யாரும் வாய் திறக்கவில்லை, அவ்வளவுதான். அதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு டயர் வெடிக்க வேண்டியிருந்தது. நாளை எழுதுகிறேன்.

ஜனவரி 10

அந்த டயர் கதை.

சின்ன டெலிவரி வேன். ஓட்டியவர் எங்களிடம் ரொம்ப நாளாக இருப்பவர், பொறுப்பானவர். நெடுஞ்சாலையில் போகும்போது இடது முன்டயர் வெடித்து, வண்டி ஓரத் தடுப்பில் மோதியது. அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. வண்டியை இழுத்துவந்து ஷெட்டில் போட்டார்கள். நான் போய்ப் பார்த்தேன். டயரின் வெளி ஓரத்தில் பட்டன் (ரோட்டைப் பிடிக்கும் மேடுகள்) நன்றாக இருந்தது, இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும் போல. உட்காரும் அளவுக்குக் குனிந்து, கையை உள்ளே விட்டு உள் ஓரத்தைத் தடவினேன். முதலில் வழவழவென்று இருந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் ஏதோ விரலில் குத்தியது. கையை வெளியே எடுத்தால் ரத்தம். உள்ளே இருக்கும் கம்பி வெளியே வந்து நின்றிருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் அந்த டயரில் ஒரு குறையும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனபோது அவராகவே சொன்னார். ஐந்து வாரம் முன்பு நடைபாதை விளிம்பில் அந்தச் சக்கரம் ஏறி இடித்திருக்கிறது. ரிம் நசுங்கியதைத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி வாங்கிவிட்டார். சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடு லேசாக வளைந்தது அவருக்குத் தெரியாது. "வண்டி ஒரு பக்கமா இழுத்துச்சு சார், கையால பிடிச்சுப் பிடிச்சு ஓட்டினேன்" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அந்த மாதம்தான் மகளுக்குப் பள்ளிக் கட்டணமாம்.

சக்கரத்தின் கோணம் தப்பினால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டேதான் ஓடும். அலைன்மென்ட் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். வண்டி இடித்தது தெரிந்தால்தானே அலைன்மென்ட் பார்க்கச் சொல்வேன்? அதைத் தெரியவிடாமல் செய்தது என் விதி.

ஜனவரி 12

"அப்படியானால் கண்டபடி ஓட்டுகிறவனைத் தட்டிக்கேட்கவே கூடாதா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நாங்களும் இதில் நிறையத் தடுமாறினோம்.

கடைசியில் வந்து நின்ற இடம் இது. இடித்ததற்குத் தண்டனை கிடையாது. இடித்துவிட்டு மறைத்தால் உண்டு. குடித்துவிட்டு ஓட்டினால், ஓட்டும்போது போனை நோண்டினால், பெல்ட் போடாமல் போனால், இடித்தாலும் இடிக்காவிட்டாலும் நடவடிக்கை உண்டு. கடைசி வார்த்தைகளைக் கவனியுங்கள். ஒரே தப்பை இருவர் செய்கிறார்கள், ஒருவருக்கு எதிரே வண்டி வருகிறது, இன்னொருவருக்கு வரவில்லை. முதல் ஆளுக்குத் தண்டனை, இரண்டாவது ஆளுக்கு ஒன்றுமில்லை என்றால் நாம் அதிர்ஷ்டத்துக்குத்தான் அபராதம் போடுகிறோம்.

ஒரே ஆள் ஒரே மாதிரி மூன்று முறை இடித்தால் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கக் கூடப் போங்கள். எங்களில் ஒருவர் ரிவர்ஸில் மட்டும் திரும்பத் திரும்ப இடித்தார். கூடப் போன பிறகுதான் தெரிந்தது, அவருக்குக் கழுத்தை வலது பக்கம் முழுதாகத் திருப்ப முடியவில்லை. வலியோடு ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார். பின்னால் கேமரா வைத்தோம், வைத்தியமும் பார்த்தோம்.

ஜனவரி 13

ஒரு திருத்தம். பிடித்தம் நிறுத்தியதும் பதிவுகள் இரண்டு மடங்காயின என்று நேற்று தனிச்செய்தியில் ஒருவருக்குச் சொல்லிவிட்டேன். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். நிறுத்திய முதல் மூன்று மாதத்தில் 11 பதிவு. பிடித்தம் வருவதற்கு முன் அதே அளவு காலத்தில் 7. இரண்டு மடங்கு இல்லை. அந்த 11-இல் ஐந்து, வேறு ஒன்றிலும் படாமல் "இடிக்கப் பார்த்தது, தப்பித்தேன்" வகை. அவைதான் எனக்கு ரொம்ப உதவின. அந்த ஐந்தில் மூன்று, ஒரே கிடங்கின் வாசல் திருப்பத்தில் நடந்தவை. வாசல் தூணை ஒட்டி ஒரு குவிகண்ணாடி வைத்தோம். அதன்பின் அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 15

விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டவருக்கு.

ஆள், வண்டி, ஆதாரம். இந்த வரிசையில்தான். ஆளைப் பார்ப்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைப்போம், வேண்டியிருக்கிறது. பதட்டத்தில் டிரைவர் முதலில் ஆபீசுக்குத்தான் போன் போடுகிறார்.

ஆதாரத்தில் நான் கற்றவை. வண்டிகளை நகர்த்துவதற்கு முன் தூரத்திலிருந்து ஒரு போட்டோ வேண்டும். எல்லோரும் டென்டைக் கிட்டப்போய் எடுத்துத்தள்ளுகிறார்கள். பத்துப் போட்டோ இருக்கும், எதிலும் எந்த வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று தெரியாது. ரோடு முழுதும் தெரிகிற மாதிரி நான்கு திசையிலும் ஒன்று எடுத்தால் போதும், இன்சூரன்ஸ் கிளெய்மில் பாதிச் சண்டை முடிந்தது. நகர்த்தாமல் இருப்பது ஆபத்து என்றால் மட்டும் போட்டோவை விட்டுவிட்டு முதலில் நகர்த்துங்கள்.

டாஷ்கேம் இருந்தால் அன்றைக்கே கார்டைக் கழற்றுங்கள். அது பழையதன்மேல் புதியதைப் பதிந்துகொண்டே போகும். நாங்கள் ஒரு நல்ல பதிவை, வண்டியை ஷெட்டுக்கு ஓட்டிப்போன வழியிலேயே இழந்தோம்.

ஏர்பேக் உள்ள பல வண்டிகளில் மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடி விவரம், ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள் பதிந்திருக்கும். வேகம், பிரேக் மிதித்தது, ஆக்சிலரேட்டர் எல்லாம். பெரிய விபத்து என்றால், விவரத்தை எடுக்கும்வரை அந்தப் பெட்டியை மாற்ற வேண்டாம் என்று ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். எங்கள் டிரைவர் ஒருவர் "நான் பிரேக் பிடிச்சேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினார், யாரும் நம்பவில்லை. அந்தப் பெட்டிதான் அவரைக் காப்பாற்றியது. அதனால் அது டிரைவருக்கு எதிரி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஜனவரி 18

ரிப்பேர் பக்கம் வருகிறேன். இடியைவிட நமக்குச் செலவு வைப்பது வண்டி நிற்கும் நாட்கள்.

ஒரு வண்டியை எடுத்து நாள் நாளாக எழுதிப்பார்த்தேன். முன் பம்பர், ஒரு ஹெட்லைட், பானட். மொத்தம் 19 நாள் நின்றது. அதில் மெக்கானிக்கும் பெயிண்டரும் கை வைத்து வேலை பார்த்தது, எல்லாம் சேர்த்து இரண்டு நாள். இன்சூரன்ஸ் சர்வேயர் வர 5 நாள். ஹெட்லைட் ஸ்பேர் வர 8 நாள். எஸ்டிமேட்டில் ஒரு கையெழுத்துக்காக 4 நாள், அந்தக் கையெழுத்து என்னுடையது. காகிதம் என் மேஜையில் மற்ற பில்களுக்கு அடியில் கிடந்தது. அந்த நான்கு நாளும் வண்டிக்கு மாற்று வண்டி வாடகைக்கு ஓடியது.

அன்றிலிருந்து சுவரில் ஒரு பலகை. வண்டி எண், எத்தனை நாளாக நிற்கிறது, யாருக்காக நிற்கிறது. மூன்றே பத்தி. மூன்றாவது பத்தியில் "ஒர்க்‌ஷாப்" என்று எழுதக்கூடாது, ஆள் பெயர்தான் எழுத வேண்டும். இரண்டு தடவை என் பெயர் ஏறிய பிறகு எஸ்டிமேட் வந்த அன்றே கையெழுத்துப் போடப் பழகிக்கொண்டேன்.

ஹெட்லைட் கதையில் இன்னொன்று. எங்களிடம் ஒரே மாடல் 20-க்கு மேல் இருந்தது. சைடு மிரர், ஹெட்லைட், முன் பம்பர் மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கி வைத்தோம். அதிகம் உடைவது இவைதான், எங்கள் பதிவேட்டிலேயே இருந்தது.

ஜனவரி 19

ஒர்க்‌ஷாப்பில் கழற்றிய பழைய ஸ்பேரைத் திரும்ப வாங்க வேண்டுமா என்று கேட்டவருக்கு: ஆமாம், கையில் கேட்டு வாங்குங்கள். எப்போதும். நம்பிக்கை இல்லாததால் இல்லை. உடைந்த பொருளைப் பார்த்தால் எப்படி உடைந்தது என்று தெரியும்.

ஜனவரி 23

சொந்த ஷெட்டா, வெளி ஒர்க்‌ஷாப்பா என்ற விவாதம் மேலே ஓடுகிறது. ஆயில், பிரேக் லைனிங், டயர், பல்பு, சின்ன டிங்கரிங் சொந்த ஷெட்டில் நன்றாக நடக்கும். மூன்று விஷயத்தை மட்டும் அதற்கான கருவி உள்ள இடத்துக்கே அனுப்புங்கள் என்பேன்: சேஸ் (வண்டியின் சட்டம்), ஏர்பேக்கும் பெல்ட்டும், அப்புறம் தானாக பிரேக் போடுவதற்காக முன்னால் பார்க்கும் கேமரா.

சேஸுக்குக் காரணம் இரும்பு. புதிய வண்டிகளின் தூண்களிலும் குறுக்குச் சட்டங்களிலும் இருப்பது மிகை வலிமை எஃகு. அதைச் சூடுபடுத்தி நிமிர்த்தினால் பார்க்க நேராகிவிடும், வலிமை போய்விடும். அடுத்த மோதலில் அது தாங்க வேண்டிய அளவு தாங்காது. நம் பழைய டிங்கர்கள் கைத்திறமைக்காரர்கள், கேஸ் வெல்டிங்கை வைத்து அற்புதம் செய்வார்கள். இந்த இரும்பிடம் அந்த வித்தை செல்லாது.

பெல்ட்டில், மோதும் கணத்தில் இறுக்கிப் பிடிக்க ஒரு சின்ன வெடிமருந்து இருக்கும். ஒரு முறை வேலை செய்தால் முடிந்தது. மாற்றத்தான் வேண்டும். பெல்ட் வெளியே வருகிறது, பூட்டுகிறது, அதனால் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

கேமராவில்தான் நான் அடிபட்டேன். முன் கண்ணாடியில் கல் பட்டு விரிசல். எங்கள் ஷெட்டிலேயே புதுக் கண்ணாடி போட்டோம், அழகாகப் போட்டார்கள். இரண்டு நாள் கழித்து டிரைவர் சொன்னார், "காலியான ரோட்ல வண்டி தானா பிரேக் போடுது." கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவைக் கழற்றி மாட்டினால் மறுபடி அளவு பார்த்துப் பொருத்த வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. ஒரு டிகிரி திரும்பியிருந்தால் 100 மீட்டருக்கு அப்பால் அது பார்க்கும் இடம் 1.75 மீட்டர் நகர்ந்துவிடும். பக்கத்துத் தடத்தில் போகிற வண்டி நம் முன்னால் நிற்பதாக அதற்குத் தோன்றலாம். பின்னால் லாரி நெருக்கி வந்திருந்தால்? இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. கண்ணாடி, முன் பம்பர், சஸ்பென்ஷன், இவற்றில் கை வைத்தால் கேமராவும் ரேடாரும் சரிபார்த்த காகிதம் இல்லாமல் வண்டியை வாங்காதீர்கள்.

ஜனவரி 24

சக்கரம் கழற்றி மாட்டிய வண்டிக்கு, பொதுவாக 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி டைட் பார்க்க வேண்டும். அளவு காட்டும் ரெஞ்ச் வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு. காலால் ஏறி மிதித்து இறுக்குவதால் போல்ட் நீண்டு பலவீனமாகும். ரிப்பேர் முடிந்து வந்த வண்டியின் டிரிப் ஷீட்டிலேயே இதற்கு ஒரு கட்டம் போட்டுவிட்டால் மறக்காது.

ஜனவரி 25

மின்வண்டி பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. பேட்டரி இருக்கும் அடிப்பக்கத்தில் அடி வாங்கிய வண்டியை ஷெட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பேட்டரிக்குள் சேதம் இருந்தால் மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூடக் கழித்துத் தீப்பிடிக்கலாம், அணைந்த தீ மறுபடி எழலாம். திறந்த வெளியில், மற்ற வண்டி, கட்டடத்திலிருந்து 15 மீட்டராவது தள்ளி நிறுத்தச் சொல்வார்கள். எங்கள் முற்றத்தில் அவ்வளவு இடமில்லை என்பது இதைப் படித்தபோதுதான் உறைத்தது. அளந்து பார்த்து ஒரு மூலையைக் காலி செய்தோம். உங்கள் இடத்தையும் முன்கூட்டியே அளந்துவிடுங்கள்.

ஜனவரி 30

முதல் கேள்விக்கே திரும்பி வருகிறேன். "பத்தில் ஒன்பது டிரைவர் தப்பு." இதை நான் முதல் நாளே மறுத்திருக்க வேண்டும், விட்டுவிட்டேன். ஒரு வாரமாக மனதில் கிடக்கிறது.

டிரைவர் கடைசியாகச் செய்ததை மட்டும் பார்த்தால் ஒன்பது என்ன, பத்துமே அவர் தப்பாகத் தெரியும். அவரை அந்த இடத்தில், அந்த நேரத்தில், அந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது யார்? ஒரு விபத்து. அதிகாலை. டிரைவர் கண் அசந்துவிட்டார். பதிவேட்டில் "டிரைவர் கவனக்குறைவு" என்று என் கையெழுத்தில் இருக்கிறது. முந்தின நாள் டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். லோடு ஏற்றத் தாமதம், இரவு திரும்பும்போது இன்னொரு ஸ்டாப் சேர்க்கப்பட்டிருக்கிறது. அவர் எழுந்து 20 மணி நேரம் ஆகியிருந்தது. ஷீட்டைப் போட்டது எங்கள் ஆபீஸ்.

1997-இல் நேச்சர் இதழில் டாசன், ரீட் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். தூங்காமல் 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண் ஒத்துழைப்பு, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கியிருந்தது. பல நாடுகளில் மதுவுக்கான சட்ட எல்லையே அதுதான். குடித்தவரை ஓட்ட அனுப்ப மாட்டோம். 20 மணி நேரம் விழித்திருப்பவரை "சீக்கிரம் வந்துடுங்க" என்று சொல்லி அனுப்புகிறோம்.

அந்த "சீக்கிரம்" பற்றியும் ஒரு கணக்கு. 50 கிலோமீட்டர் தூரத்தை 60 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 50 நிமிடம். 80-இல் ஓட்டினால் 37 நிமிடத்துக்குச் சற்று மேல். வழி முழுக்க அதே வேகம் கிடைத்தால்தான் இந்த மிச்சம். நிற்கும் தூரமோ, டிரைவர் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி என்று வைத்தால், காய்ந்த ரோட்டில் நல்ல டயரோடு சின்ன வண்டிக்கு 60-இல் சுமார் 45 மீட்டர், 80-இல் சுமார் 68 மீட்டர். மழை பெய்தால், லோடு ஏறினால் இன்னும் கூடும். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதி டிரிப் ஷீட் போடும் பையன் எதிரில் மாட்டினேன். டிரைவர்கள் அறையில் மாட்டவில்லை. அவர்களுக்கு அது காலிலேயே தெரியும்.

பிப்ரவரி 3

ஒருவர் ஹைன்ரிச் முக்கோணத்தைக் கொண்டுவந்திருக்கிறார்: தொழிற்சாலை விபத்துகளை ஆராய்ந்த ஹைன்ரிச் என்ற அமெரிக்கர் 1931-இல் சொன்ன ஒரு பெரிய விபத்து, 29 சின்னது, 300 காயமில்லாதது. அந்த எண்களைப் பின்னாளில் பலர் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அப்படியே வண்டிகளுக்குப் போட வேண்டாம். சின்னதைக் குறைத்தால் பெரியது தானாகக் குறையும் என்பதும் எப்போதும் சரியில்லை. பார்க்கிங்கில் உரசுவதும் நெடுஞ்சாலையில் கண் அசருவதும் ஒரே வேரில் வருவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. சின்னது காதுக்கு வந்தால்தான் வளைந்த டை ராடு கண்ணில் படும்.

பிப்ரவரி 11

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருக்கிறார், பிடித்தத்தை மேலிடம் ஆறு மாதத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறதாம். சந்தோஷம். வண்டியில் வைக்கும் அட்டையின் வாசகம் கேட்டிருக்கிறார்.

எங்கள் அட்டை உள்ளங்கை அகலம், எழுத்து பெரிது, லேமினேட் செய்து சன் வைசரில் செருகியிருக்கும். முதலில் நான் எழுதியபோது முதல் வரி "உடனே ஆபீசுக்குச் சொல்லவும்" என்று இருந்தது. தோள்பட்டை உடைந்த அந்த டிரைவர் குணமாகி வந்ததும் அவரிடம்தான் காட்டினேன். "அண்ணே, இதில் ஏதாவது மாற்றணுமா?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பேனாவை வாங்கி, என் முதல் வரியை அடித்து நான்காவதாக எழுதினார். இப்போது அட்டை இப்படி இருக்கிறது:

உங்களுக்கு அடிபட்டிருக்கிறதா, பாருங்கள். எதிராளிக்கு அடிபட்டிருக்கிறதா, பாருங்கள். வண்டியை அணைத்து, விளக்கைப் போட்டு, எச்சரிக்கை முக்கோணம் வையுங்கள். பிறகு ஆபீசுக்குச் சொல்லுங்கள், எந்த நேரமானாலும். தூரத்திலிருந்து நான்கு போட்டோ. யார் தப்பு என்று அங்கே பேச வேண்டாம்.

கீழே இன்னொரு வரி அவர் கையெழுத்தில் இருந்தது, அதை அச்சிலும் அப்படியே விட்டோம்: சின்ன இடிதான் என்றாலும் உள் பக்கம் டயரைத் தடவிப் பாருங்கள்.